பெட்டியண்ணாச்சியின் இருமல்

நொச்சிப்பட்டணத்தில் சிகரெட் பெட்டி முதன்முதலாக இருமியது ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றில், காலை எட்டே காலுக்கு, பஸ் ஸ்டாண்டில் வனராஜா மினி பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கண்டக்டர் தளவாயின் உள்ளங்கையில். வண்டி கிளம்ப இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலைக் கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நெருக்கிக்கொண்டு நின்றது. நான்கு நிமிஷத்துக்குள் ஒரு சிகரெட்டை முடிப்பது தளவாய்க்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். மூடியைப் பெருவிரலால் தூக்கினார். பெட்டி இருமியது. பெரிய மனிதர்கள் முன்னால் தொண்டையை அடக்கிக்கொண்டு இருமுவார்களே, அந்த மாதிரிச் சின்ன இருமல். டிரைவர் பீர் மைதீன்தான் பின்னால் வந்து நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பினார். யாருமில்லை. பெட்டியைப் பார்த்தார். படத்தில் இருந்தவரின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அது முன்னாலேயே அப்படித்தான் இருந்ததா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தை அவர் ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை. "சளி பிடிச்சிருக்கு போல" என்று சொல்லிக்கொண்டு, பற்றவைத்து, மூன்றரை நிமிஷத்தில் முடித்து, இரண்டு விசில் கொடுத்து வண்டியை எடுக்கச் சொன்னார்.

பெட்டியின் பெரும்பகுதியைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும், மிச்சமிருக்கிற இடுக்கில்தான் கம்பெனி தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஒரு தடவை படத்தை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். நொச்சிப்பட்டணத்துக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? போன வருஷத்துப் பெட்டியில் கறுத்துப்போன நுரையீரல் இருந்தபோது, மார்க்கெட் முக்கில் கடை வைத்திருக்கும் சவரிமுத்து அண்ணாச்சியிடம் போய், "ஈரல் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். இந்த வருஷம் வந்து சேர்ந்தவர் முழு மனிதர். ஐம்பது வயசு, வழுக்கை, நாலு நாள் தாடி, கழுத்தின் இடப்பக்கம் பழுத்து நின்ற கட்டி. பார்க்கச் சகிக்காமல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் மறுபக்கத்திலும் அவரே இருந்தார். சவரிமுத்து அண்ணாச்சி தினசரிப் பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்துப் பெட்டியைச் சுற்றிக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த எல்லாப் பெட்டிகளும் இருமத் தொடங்கிவிட்டன. மூடியைத் திறந்தால் ஒரு இருமல், இரண்டாவது சிகரெட்டுக்குக் கொஞ்சம் பெரிய இருமல், பத்தாவது சிகரெட்டுக்கு ஆளை இரண்டாக மடக்கிப் போடுகிற இருமல், அதற்கப்புறம் புதுப்பெட்டி வாங்கினால் மறுபடியும் அந்தச் சின்ன இருமல். ஒருதடவை திறந்த பெட்டி, மூடின பிறகும் வெகுநேரம் விட்டுவிட்டு இருமியது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது தலைமையாசிரியரின் பையிலிருந்து கேட்டது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கு முந்தின நொடியில் மாப்பிள்ளையின் பட்டுச்சட்டைக்குள்ளிருந்து கேட்டது, பெண் திரும்பிப் பார்த்தாள், தாலி கட்டின பிறகும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். புருஷன் விட்டுவிட்டான் என்று நம்பிக்கொண்டிருந்த பெண்டாட்டிமார்கள் பரணிலும் அரிசிப் பானையிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை, அடுத்த ஊரில் கேட்டால் நம்மூரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்கிற கூச்சம் ஒரு பக்கம், நம்மூர்க்காரராக ஒருத்தர் வந்து சேர்ந்துவிட்டதில் ஒரு பெருமை இன்னொரு பக்கம்.

ஆமாம், நம்மூர்க்காரர்தான். ஒரு மாதத்துக்குள் அவருக்குப் பெட்டியண்ணாச்சி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. "நேத்து பெட்டியண்ணாச்சி ரொம்ப சிரமப்பட்டுட்டாவ" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்ட பாலை டம்ளரில் ஊற்றிப் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள், ஆறினதும் தாங்களே குடித்தார்கள். வைத்தியர் ஒருத்தர் திப்பிலிச் சூரணத்தைத் தேனில் குழைத்துப் படத்தின் வாயில் தடவிவிட, எறும்பு வந்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஸ்டெதாஸ்கோப்பைப் பெட்டிமேல் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "இவருக்கு ஓய்வு வேணும்" என்று சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு, வெளியே வந்து, மூடியைத் திறந்து ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். கண்டவர்கள் எல்லோரும் அவருக்கு மருந்து தேடினார்களே தவிர, திறக்காமல் இருந்து பார்ப்போம் என்று ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டுமா இல்லையா? தோன்றவில்லை.

தளவாய்க்கும் தோன்றவில்லை. புரட்டாசி முழுக்க, வண்டி போய்த் திரும்புகிற இரண்டு முனையிலும் அவர் மூடியைத் திறந்தார், பெட்டியண்ணாச்சி இருமினார், கூடவே தளவாயும் இருமினார். "ஜோடி போட்டு இருமுதீயளே, பாட்டுக் கச்சேரியா நடத்துதீய?" என்று பீர் மைதீன் கேலி செய்தார். தளவாய் சிரித்தார். சிரிப்பும் இருமலில்தான் போய் முடிந்தது.

ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. கண்டக்டர் தொழிலுக்கு ஆதாரம் அவ்வளவுதான், டிரைவர் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதில்லை, காதைத்தான் பின்னால் அனுப்பி வைத்திருப்பார். ஐப்பசி மாதம் பத்தாம் தேதி காலையில், மார்க்கெட் நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி வண்டி மெல்ல உருளத் தொடங்கியபோது, கீரைக்காரி முப்பிடாதி கூடையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு கடைசிப் படியில் ஒரு காலைத் தரைக்கு நீட்டியிருந்தாள். தளவாய் பார்த்துவிட்டார். விசிலை வாயில் வைத்து, ஒரே நீள விசிலாக ஊத ஆரம்பித்தார். பாதியில் இருமல் வந்து அதை இரண்டாக ஒடித்துப்போட்டது. பீர் மைதீனின் காதில் விழுந்தது இரண்டு விசில். இரண்டு விசில் என்றால் போ. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

முப்பிடாதி விழுந்தாள். அரைக்கீரையும் சிறுகீரையும் ரோடு முழுக்கச் சிதறின, வலது மணிக்கட்டு வேறொரு பக்கம் திரும்பியிருந்தது. தளவாய் ஓடிப்போய்த் தூக்கினபோது அவள் திட்டவில்லை, அழவும் இல்லை, அவர் முகத்தையே பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"கண்டக்டரே, நான் இறங்குதது தெரிஞ்சும் எதுக்கு ரெண்டு விசில் குடுத்தீய?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. 'நான் ஊதினது ஒண்ணுதான்மா, என் நெஞ்சு ரெண்டாக்கிட்டு' என்று அடிபட்டுக் கிடக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரிக்கு வந்து, தளவாயிடம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பஸ் முதலாளி ரத்தினவேல் நல்ல மனிதர், ஆனால் பேச்சு ஒன்றுதான். "டிசம்பர் ஒண்ணாந் தேதி காலையில நான் முன்சீட்டுல வந்து உக்காருவேன். மார்க்கெட் நிறுத்தத்துல ஒரு விசில். உடையக் கூடாது. உடைஞ்சுதுன்னா தோல்பையைக் கழட்டி என் கையில குடுத்திரணும், தளவாய். ஆள் செத்திருந்தா நீயும் நானும் யாருக்கு என்ன பதில் சொல்லுவோம்?"

ஐந்து வாரம் இருந்தது. தளவாய் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கால்வாய்க் கரைக்குப் போனார், சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தார், உள்ளே நான்கு சிகரெட் இருந்தது, ஓங்கித் தண்ணீரில் எறிந்தார். விட்டாச்சு என்று திரும்பி நடந்தார். இப்படி அவர் பலதடவை விட்டிருக்கிறார். வருஷாவருஷம் கார்த்திகையில் மாலை போட்டு, மண்டல விரதம் முழுக்கத் தொடாமல் இருந்து, மலை இறங்கித் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் முதல் வேலையாகப் பற்றவைப்பார். பத்தடி நடந்திருப்பார். பின்னால் பெட்டியண்ணாச்சி இருமத் தொடங்கினார். தண்ணீருக்குள் இறங்கிப்போன மூடி திறந்துகொண்டிருக்க வேண்டும், அது மூச்சுக்குழலில் தண்ணீர் ஏறின இருமல், இடைவெளியில்லாத இருமல், கேட்கிற எவனுக்கும் தன் தொண்டையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் இருமல். தளவாய் காக்கிச் சட்டையோடு கால்வாயில் குதித்தார்.

வீட்டுக் கொடியில், வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில், பெட்டியை மூடிக் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். ஐப்பசி வெயில் கொஞ்சமாகத்தான் அடித்தது. கொடிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் குறைந்தது, தேய்ந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தார். குறட்டை. மெலிந்த, களைத்த, மாதக்கணக்காகத் தூங்காத ஒரு மனிதனின் குறட்டை. ஊரே தேடின மருந்து இதுதானா என்று தளவாய்க்கு அப்போதுதான் தோன்றியது. இத்தனை மாதமாக அந்த மனிதரைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது தன்னுடைய பெருவிரல் என்று நினைத்தபோது, அந்த விரலை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"இனி இதைத் திறக்க மாட்டேன்" என்று பெண்டாட்டி பகவதியிடம் சொன்னார். "மனுசன் தூங்கட்டும்."

பகவதி உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். "இருவது வருசமா நான் சொன்னேன். நீங்க கேக்கல. பெட்டியில இருக்கவரு இருமினதும் கேட்டுட்டீய."

"நீ சொல்லத்தானே செஞ்சே. அவரு இருமுதாருல்லா."

"நான் அழுதேன்லா" என்றாள் பகவதி.

அவள் பெட்டிக்கு மாட்டியிருந்த கிளிப்பை மட்டும் உருவாமல் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து பெட்டி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, மூடினபடி. கிட்டே வைத்துக்கொண்டு எப்படிய்யா விட முடியும், தூக்கிப் போடும் என்று புத்தி சொன்னார்கள். தளவாய் கேட்கவில்லை. எறிந்தால் இன்னொன்று வாங்கத் தோன்றும், இவரைத் தூங்கவைத்துக்கொண்டு சுமந்தால் எதைத் திறக்கவும் கை வராது என்பது அவருடைய கட்சி. மேடுபள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பையைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். இந்த வருஷம் மாலை போடவில்லையா என்று பீர் மைதீன் கேட்டதற்கு, "சாமிக்காக விட்டா மண்டலம் முடிஞ்சதும் திரும்ப வந்துரும்வே. இது வேற" என்று சொல்லிவிட்டார்.

முதல் மூன்று நாள் உலகத்தில் எல்லாமே எரிச்சலாக இருந்தது. சில்லறை இல்லாதவர்கள் மேல் எரிந்து விழுந்தார், சில்லறை வைத்திருந்தவர்கள் மேலும் எரிந்து விழுந்தார். ஒரு வாரம் கழிந்ததும் இருமல் குறையும் என்று பார்த்தால் கூடிற்று. பெட்டியண்ணாச்சி குறட்டை விட்டார், தளவாய் இருமினார். இருமல் ஆள் மாறிக்கொண்டதா என்று அவர் பயந்துபோய்க் கம்பவுண்டரிடம் போக, "நெஞ்சு தன்னைத்தானே கூட்டிப் பெருக்குது. குப்பை வெளிய வந்துதானே ஆகணும்? பொறுத்துக்கோ" என்று அவர் அனுப்பிவைத்தார். தளவாய் பொறுத்தார். மதியம் வண்டி நிற்கிற முக்கால் மணி நேரத்தில் குளத்தங்கரைக்குப் போய் விசில் ஊதிப் பழகினார். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் உடைந்தது. ரோட்டில் போன லாரிக்காரர்கள் போலீஸ் என்று நினைத்து நிறுத்தி, லைசென்ஸை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, எருமைகளுக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு குனிந்து இருமிக்கொண்டிருக்கிற மனிதரைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்.

பதினெட்டாம் நாள் சவரிமுத்து அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் கடையில் வியாபாரம் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. பெட்டி இருமுகிறதென்று வாடிக்கை குறைய ஆரம்பித்ததும், சிகரெட்டுகளை உருவிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தனித்தனியாக விற்க ஆரம்பித்திருந்தார். பாட்டிலில் படம் கிடையாது, படம் இல்லையென்றால் இருமலும் கிடையாது. காலிப் பெட்டிகளைக் கடைக்குப் பின்னால் எறிந்திருந்தார், அவை மூடி திறந்து கிடந்து ஒன்றுக்கொன்று இருமிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்.

"தளவாய், உமக்கு என்ன சத்தியம்? பெட்டியைத் திறக்க மாட்டேன்னுதானே? திறக்காதேயும். இதுல ஒண்ணு எடுத்துக்கிடும். பெட்டியண்ணாச்சி பாட்டுக்குத் தூங்குவாரு."

தளவாயின் கை பாட்டிலுக்குள் போயிற்று. யோசிக்காமல்தான் போயிற்று, இருபத்தாறு வருஷம் போன கைக்கு வழி சொல்லவா வேண்டும்? சிகரெட்டை உதட்டில் வைத்தார். கடை ஓரத்தில் தொங்கின கயிற்றின் கனல் முனையைப் பிடித்துக் கிட்டே கொண்டுவந்தார். அப்போது சட்டைப் பையில் குறட்டை நின்றது.

இருமல் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பழகின சத்தம்தானே. விழித்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல், வெளியே என்ன நடக்கிறதென்று ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தளவாய்க்கு நெஞ்சின்மேல் தெரிந்தது. கயிற்று முனை முகத்துக்கு எதிரில் சிவந்து கிடந்தது. ரேடியோவில் பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கிற்று. கடைக்குப் பின்னாலிருந்து அத்தனை காலிப் பெட்டிகளும் இருமுவது தெளிவாகக் கேட்டது. தளவாய் கயிற்றை விட்டார், சிகரெட்டை எடுத்துப் பாட்டிலுக்குள்ளேயே போட்டார்.

"வாயில வச்சதை உள்ள போடுதீரே" என்றார் சவரிமுத்து.

"பின்னால கிடக்கவங்க மூடியையாவது அடைச்சு வையும் அண்ணாச்சி. கும்பிட்டுக் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தளவாய் நடந்தார். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் குறட்டை திரும்பவும் தொடங்கியது. அவர் நடந்தபடியே அழுதார், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதார். அன்று மதியம் விசில் எட்டு எண்ணும்வரை உடையவில்லை.

டிசம்பர் நெருங்க நெருங்க ஊரில் ஒரு கவலை பரவியது. சட்டப்படி ஒன்றாம் தேதி படம் மாறும், பழைய சரக்கு போய்ச் சேர்ந்துவிடும், பெட்டியண்ணாச்சி என்ன ஆவார்? சிலர் அவருடைய பெட்டிகளை மூடி டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். தளவாயைப் பார்த்துத் திறப்பதை நிறுத்தினவர்கள் அதற்குள் ஒன்பது பேர், அந்த ஒன்பது வீட்டிலும் மதியத்தில் குறட்டை கேட்டது. மற்றவர்கள் பாட்டிலுக்குப் போனார்கள். எல்லோரையும் நல்லவர்களாக்கிக் காட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான்.

ஒன்றாம் தேதி காலையில் பகவதி விசிலைத் துடைத்து, கயிற்றை அவர் கழுத்தில் தானே மாட்டினாள். "ஒண்ணு ஊதுங்க, போதும். அவருக்கும் சேத்து, எனக்கும் சேத்து" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் புதுப்பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். புதுப் படத்தில் ஒரு பெண், மூக்கில் குழாய், தலையில் நரை. மூடி திறந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற மாதிரி ஒரு சின்ன இருமல் இருமினாள். தளவாய் நின்றார். "மூடும்வே. அந்தம்மா இப்பத்தான் வந்து இறங்கியிருக்காவ" என்றார். அந்த ஆள் என்ன நினைத்தாரோ, மூடினார்.

முன்சீட்டில் முதலாளி ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். வண்டி நிறைந்திருந்தது, விஷயம் தெரிந்து, வேலையில்லாதவர்களும் ஏறியிருந்தார்கள். கட்டுப் பிரித்த கையோடு, ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல்தடவையாக, முப்பிடாதி கீரைக்கூடையுடன் வந்திருந்தாள். மார்க்கெட் நிறுத்தம் வந்தது. அங்கே இறங்குகிறவர்களையெல்லாம் இறங்கவிட்டு அவள் கடைசியாக எழுந்தாள், கூடையைத் தலைக்கு மாற்றினாள், வேண்டுமென்றேதான், உருளத் தொடங்கிவிட்ட வண்டியின் கடைசிப் படியில் போய் நின்றாள்.

"கண்டக்டரே," என்றாள், அன்றைக்குப் போலவே நிதானமாக, "நான் இறங்குதேன்."

தளவாய் விசிலை வாயில் வைத்தார். நெஞ்சின் அடியில் இருமல் புரண்டு எழும்புவது தெரிந்தது. பையிலிருந்த பெட்டியை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஊதினார். ஒரு விசில். அது வண்டிக்குள் நிறைந்து, ஜன்னல் வழியாக மார்க்கெட்டுக்குள் போய், தராசுகளை நிற்கவைத்து, சவரிமுத்து அண்ணாச்சியின் ரேடியோவைத் தாண்டிக் குளத்தங்கரை வரைக்கும் போயிற்று. இருமல் தொண்டைவரை வந்தது, வழி கிடைக்காமல் திரும்பிப் போனது. வண்டி நின்றது.

முப்பிடாதி இறங்கினாள். அவள் பாரம் நீங்கினதும் படிக்கட்டு மேலே எழும்பியது.

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவர் கண் நனைந்திருந்தது, ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. "சரி, பாஸாயிட்டே. ரைட் குடு, போவோம்."

தளவாய் ரைட் கொடுக்கவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். படி மறுபடியும் தாழ்ந்தது, மெதுவாக, வெகுநாள் படுத்துக் கிடந்து எழுந்தவர் கால் வைக்கிற மாதிரி, முதலில் மேல்படி, பிறகு கீழ்ப்படி.

"எல்லாரும் இறங்கியாச்சேப்பா" என்றார் முதலாளி.

"இன்னும் ஒருத்தர் இறங்குதாரு முதலாளி."

பீர் மைதீன் எஞ்சினையே அணைத்துவிட்டார். கீழே நின்ற முப்பிடாதி, எதற்கென்று தெரியாமலே, கூடையைத் தள்ளிப் பிடித்து வழிவிட்டாள். கீழ்ப்படி எழும்பி நின்றது. தளவாய் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். உள்ளே நான்கு சிகரெட்டும் அப்படியே இருந்தன, மேலே படம் இருந்த இடம் இரண்டு பக்கமும் வெறும் வெள்ளையாக இருந்தது. கூட்டத்துக்குள் பார்த்தார், மார்க்கெட்டில் அன்றைக்கு நிறைய வழுக்கைத் தலைகள். யாரும் இருமவில்லை.

அவர் மூச்சை முழுசாக இழுத்து, இரண்டு விசில் கொடுத்தார்.